நிலாவரைக் கிணறு

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் நம் முன்னோர் எவ்வாறு பயிர் செய்து வாழ்ந்தனர்? நேயர்களே, விடை நிலத்தின் அடியில் உள்ளது. புத்தூரை அடுத்த நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு, இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்பர். உண்மையில், சுண்ணாம்புக் கற்பாறை கரைந்து தோன்றிய குழி அது. மேலே நன்னீர்; ஆழத்தில் உவர்நீர். பாறைப் பிளவுகளினூடே இறங்கும் மாரிமழை, தன்னினும் கனத்த கடல்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும். மேலே ஓரடி குறையின், உவர் 40 அடி மேலேறும். துலா மிதித்து இறைத்தோர் அளவோடு எடுத்தனர், இயந்திரமோ அளவறியாது. குளமும் கேணியும் தூர்ந்தால் மழைநீர் கடலுக்கே ஓடும். அவற்றைத் தூர்வாரிக் காத்தல் நம் கடனாகும்.