பிள்ளையோடு ஓட ஒரு வண்டி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை



உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, ஏர்வாடி, கீழக்கரை என்று நம் பக்கத்து ஊர்களில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவு இல்லாத தெரு குறைவு. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்கள் பேரப்பிள்ளைக்கு ஒரு தள்ளுவண்டியும் கொண்டு வருகிறார்கள். அந்த வண்டி பல வீடுகளில் பரண் மேல் ஏறிவிடுகிறது. "நம்ம ரோட்டுக்கு இது எங்கே உருளுது?" என்பதுதான் காரணம்.

இன்னொரு பக்கம், பிள்ளை பெற்ற நம் பெண்களிடம் "தினமும் நட, உடம்பைக் குறை" என்று செவிலியர் சொல்லி அனுப்புகிறார். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகும் இளம் தாய்மாரும் நம்மிடையே இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளையை யாருகிட்ட விட்டுட்டுப் போறது?" அப்பத்தா, மதினி இருக்கிற வீட்டில் கவலை இல்லை. இல்லாத வீட்டில் நடை நின்றுவிடுகிறது.

இதற்கென்றே வந்ததுதான் ஓட்ட வண்டி. கடையில் 'ஜாகிங் ஸ்ட்ரோலர்' என்று கேட்க வேண்டும். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, நம் ஊருக்கு எது சரிப்படும், எது சரிப்படாது என்று இந்த இதழில் பார்ப்போம்.

சாதாரண வண்டியும் ஓட்ட வண்டியும்

1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபில் பேச்லர் என்ற பத்திரிகைக்காரர் தன் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஓட ஆசைப்பட்டார். ஒரு தள்ளுவண்டியில் சைக்கிள் சக்கரங்களை மாட்டினார். அதிலிருந்துதான் ஓட்ட வண்டி பிறந்தது. சூத்திரம் அவ்வளவுதான்: பெரிய சக்கரம்.

சாதாரண வண்டிக்கு உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் சக்கரங்கள் இருக்கும். கடைக்குள்ளும் விமான நிலையத்திலும் வழுக்கிக்கொண்டு போகும். நம் தெருவில் ஒரு சரளைக்கல் தட்டினால் நின்றுவிடும். நாம் வேகமாகப் போகும்போது அப்படி நின்றால் வண்டி முன்பக்கமாகக் கவிழும். பெரிய சக்கரம் அந்தக் கல்லின் மேல் ஏறி இறங்கிவிடும்.

ஓட்ட வண்டிக்கு மூன்று சக்கரம் இருக்கும். ஆனால் மூன்று சக்கரம் இருப்பதெல்லாம் ஓட்ட வண்டி ஆகாது. கூட வரும் சிறு புத்தகத்தில் "இதை வைத்து ஓடலாம்" என்று எழுதியிருக்கிறதா என்று படித்தவர்களைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் "ஓடக் கூடாது" என்றே அச்சிட்டிருக்கும்.

வேறொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் 'வாக்கர்' என்றும் 'வண்டி' என்றும் சொல்லி, பிள்ளையை நடுவில் நிறுத்தி உருட்டிவிடும் வட்டச் சட்டம் ஒன்று விற்கிறார்கள். அது வேறு. படியில் உருண்டு பிள்ளைகள் அடிபட்டதால் கனடா நாடு 2004இல் அதைத் தடை செய்துவிட்டது. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதல் கணக்கு: பிள்ளையின் கழுத்து

வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பிள்ளைக்கு 6 மாதம் ஆகும் முன் அதில் வைத்து ஓடக் கூடாது. சில கம்பெனிகள் 8 மாதம் என்று சொல்கின்றன. காரணம் எளிது. பச்சைப் பிள்ளைக்குத் தலை கனம், கழுத்து பலம் குறைவு. ஓடும்போது வரும் குலுக்கலைக் கழுத்து தாங்காது. தலை தானாக நின்று, பிடிக்காமல் உட்காரும் பிள்ளைதான் இந்த வண்டிக்கு உரிய பிள்ளை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

அதற்கு முன் நடக்க மட்டும் வண்டி வேண்டுமா? பிள்ளை மல்லாக்கப் படுக்கும்படி முழுதும் சாயும் வண்டியாகப் பாருங்கள். சமதளத்தில் மெதுவாகத் தள்ளுங்கள்.

இரண்டாவது கணக்கு: தாயின் உடம்பு

பிள்ளையைப் பற்றிப் பேசுகிற நாம் நம் உடம்பைப் பற்றிப் பேசுவதில்லை. பிரிட்டன் நாட்டுப் பிசியோதெரபி நிபுணர்கள் 2019இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். பிரசவம் ஆகிக் குறைந்தது 3 மாதம் வரை ஓட்டம் வேண்டாம் என்றார்கள். பிள்ளையை வண்டியில் தள்ளிக்கொண்டு ஓட 6 முதல் 9 மாதம் வரை பொறுக்கச் சொன்னார்கள். ஆக, தாய்க்கும் பிள்ளைக்கும் தொடக்கக் கணக்கு ஒன்றுதான்: அரை வருடம். அதுவரை நடை போதும். ஆபரேஷன் பிரசவம் என்றால் மருத்துவர் சொன்ன பிறகுதான் ஓட்டம்.

ஓடும்போது சிறுநீர் கசிகிறதா? அடி இறங்குவதுபோல் கனமாக இருக்கிறதா? தையல் போட்ட இடம் வலிக்கிறதா? மறுபடி ரத்தப்போக்கு காண்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்துங்கள். "பிள்ளை பெத்தா இப்படித்தான் இருக்கும்" என்று மூடி வைக்காமல் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். இடுப்படித் தசைக்குப் பயிற்சி உண்டு, சிகிச்சையும் உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

1. சக்கரம்: நம் மாவட்டத்தில் கல்லைவிடப் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். ஓட்ட வண்டிகளில் பெரும்பாலும் காற்றடைத்த டயர்தான். குலுக்கல் குறைவு, ஆனால் ஒரு முள் போதும், பஞ்சர். காற்று வேண்டாத, உள்ளே நுரை நிரப்பிய டயரும் கிடைக்கிறது. குலுக்கல் சற்றுக் கூடினாலும் முள் பயம் இல்லை. காற்று டயர்தான் வேண்டும் என்றால் 12 அல்லது 16 அங்குலம் என்று சிறுவர் சைக்கிள் அளவில் பாருங்கள். டியூப் போனால் நம் ஊர்ச் சைக்கிள் கடையிலேயே மாற்றிவிடலாம்.

2. முன் சக்கரம்: நடக்கும்போது நாலா பக்கமும் திரும்பலாம். ஓடும்போது நேராகப் பூட்டி வைக்கும் வசதி இருக்க வேண்டும். பூட்டாத சக்கரம் வேகத்தில் ஆடும், வண்டி சாயும். முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வண்டி என்றால், நன்றாக முடுக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஆட்டிப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு பிரபல ஓட்ட வண்டியின் முன் சக்கரம் ஓட்டத்தில் கழன்றுவிட்டதாக 2012 முதல் சுமார் 200 புகார்கள் வந்தன. 2018இல் அரசின் பாதுகாப்பு ஆணையமே அந்தக் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது.

3. வார்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால் நடுவே ஒன்று என ஐந்து இடத்தில் பிடிக்கும் வார் இருக்க வேண்டும். இடுப்பு வார் மட்டும் போதாது.

4. பிரேக்கும் கைக்கயிறும்: நிறுத்தும்போது மிதித்துப் பூட்டும் பிரேக் கட்டாயம் வேண்டும். ஓடும்போது பிடிக்கக் கைப்பிரேக் இருந்தால் இன்னும் நல்லது. நம் மணிக்கட்டில் மாட்டும் கயிறும் இருக்க வேண்டும். 2009 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், ரயில் நிலையத்தில் ஒரு தாய் கையை எடுத்த ஒரு கணத்தில் வண்டி தானாக உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. ரயிலும் வந்துவிட்டது. வார் போட்டிருந்ததால் 6 மாதக் குழந்தை சிறு அடியோடு பிழைத்தது. நமக்கு ரயில் மேடை வேண்டாம், ஊருணிக் கரையின் சரிவே போதும். கையை எடுக்கும் முன் பிரேக்கை மிதிப்பது பழக்கமாக வேண்டும்.

5. மடக்கும் இடம்: மடக்கி விரிக்கும் கீலில் விரல் நுழையாதபடி மூடி இருக்கிறதா என்று பாருங்கள். 2009இல் அமெரிக்காவில் மக்லாரன் கம்பெனியின் சுமார் 10 லட்சம் மடக்கு வண்டிகளைத் திரும்ப அழைத்து, கீலுக்கு உறை கொடுத்தார்கள். 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டானதுதான் காரணம். வண்டியை மடக்கும்போதும் விரிக்கும்போதும் பிள்ளை பக்கத்தில் நிற்கக் கூடாது.

6. முத்திரை: வெளிநாட்டிலிருந்து வருகிற வண்டியில் 'ஈ.என். 1888' என்றோ 'ஏ.எஸ்.டி.எம். எஃப் 833' என்றோ இருந்தால், அது ஐரோப்பிய அல்லது அமெரிக்கத் தள்ளுவண்டித் தர விதிப்படி செய்தது என்று பொருள்.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வண்டியில் பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்து வார் போடுங்கள். ஒரு கையால் தள்ளுங்கள். நேராகப் போகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா? கைப்பிடி நம் இடுப்புக்குச் சற்று மேலே வருகிறதா? பிறகு மடக்கித் தூக்கிப் பாருங்கள். ஓட்ட வண்டி கனம் கூடியது. பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு இராமநாதபுரம் போகிற நினைப்பு இருந்தால் இது சரிப்படாது.

நம் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை

வெயில் படாமல் இருக்க வண்டியின் மேல் துண்டைப் போட்டு மூடுவது நம் எல்லாருக்கும் கை வந்த பழக்கம். அது ஆபத்து. சுவீடனில் ஒரு பத்திரிகை 2014இல் சோதித்துப் பார்த்தது. மூடாத வண்டிக்குள் 22 டிகிரி. மெல்லிய துணியால் மூடிய வண்டிக்குள் அரை மணியில் 34 டிகிரி, ஒரு மணியில் 37 டிகிரி. அந்தக் குளிர் நாட்டிலேயே இப்படி என்றால் நம் சித்திரை வெயிலில் என்ன ஆகும்?

ஈரத் துணியும் சின்ன விசிறியும் வைத்தால் வண்டிக்குள் சூடு 4, 5 டிகிரி குறைகிறது என்று சிட்னி பல்கலைக்கழகத்தார் 2023இல் கண்டார்கள். ஆனால் நம் கடலோரப் புழுக்கத்தில் ஈரம் சீக்கிரம் உலராது, அதனால் அந்தக் குளிர்ச்சி முழுதாகக் கிடைக்காது. வண்டியோடு வரும் கூரையை மட்டும் இழுத்துவிட்டு, காற்றுப் போக இடம் விடுங்கள். காலை 7 மணிக்குள் வீடு திரும்புங்கள். பிள்ளையின் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக, வேர்த்து, சோர்ந்து இருந்தால் உடனே நிழலில் தூக்கி வைத்துப் பால் கொடுங்கள்.

ஓடும் இடமும் முறையும்

- விடியற்காலையில் கோயிலைச் சுற்றிய வீதி, பள்ளி மைதானம், ஊராட்சியின் புதுத் தார்ச்சாலை ஆகியவை நல்ல இடங்கள். பஸ்ஸும் லாரியும் போகும் பெரிய சாலை வேண்டாம். போயே தீர வேண்டும் என்றால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாகப் போங்கள். இருட்டில் போகவே வேண்டாம்.
- ஆருத்ரா தரிசனத்துக்கு மரகத நடராஜரைச் சந்தனக் காப்பு இல்லாமல் பார்க்க வரும் கூட்டத்துக்குள் வண்டியைக் கொண்டு போகாதீர்கள். அன்றைக்குப் பிள்ளை இடுப்பில்தான்.
- சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கும். இழுத்துச் செருகி முடிச்சுப் போடுங்கள். பிள்ளையின் கழுத்தில் தாயத்துக் கயிறு இருந்தால் கழற்றிவிட்டு வண்டியில் வையுங்கள்.
- கைப்பிடியில் பையை மாட்டாதீர்கள், வண்டி பின்னால் சாயும். சாமான் வைக்க அடியில் கூடை இருக்கிறது.
- முன் சக்கரம் பூட்டியிருக்கும்போது திரும்ப, கைப்பிடியை லேசாக அமுக்கி முன் சக்கரத்தைத் தூக்கித் திருப்புங்கள். ஒரு கையால் தள்ளி, கையை மாற்றி மாற்றி ஓடுங்கள். தனியாக ஓடும் வேகம் வராது. அதை நினைத்து வருந்த வேண்டாம்.
- செல்போன் பாட்டு வேண்டாம். பின்னால் வருகிற வண்டியும் நாயும் காதில் விழ வேண்டும்.

வாங்கலாமா?

ஓட்ட வண்டியின் விலை சாதாரண வண்டியைப் போலப் பல மடங்கு. பயன்படும் காலமோ இரண்டு, மூன்று வருடம். வேக நடைக்கு மட்டும் என்றால் ஓட்ட வண்டி தேவையில்லை. சக்கரம் பெரிதாக, வார் ஐந்தாக உள்ள சாதாரண வண்டியே போதும். தெரு முழுக்க மணலாக இருக்கிற ஊரில் எந்த வண்டியும் வேண்டாம். அங்கே இரண்டு தாய்மார் சேர்ந்துகொண்டு, ஒருத்தி நடக்கும்போது மற்றவள் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வதே சிறந்த வழி. காசும் செலவில்லை.

வண்டிதான் வேண்டும் என்றால், இதற்காகச் சங்கத்தில் கடன் எடுக்கும் முன் யோசியுங்கள். ஆடு, தையல் மெஷின் போல இது வருமானம் தராது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் "பிள்ளைக்கு என்ன வேணும்?" என்று கேட்கும்போது, சின்னச் சக்கர வண்டிக்குப் பதிலாக இன்ன மாதிரி வண்டி என்று விவரமாகச் சொல்லி அனுப்புங்கள். பிள்ளை வளர்ந்த வீட்டில் சும்மா கிடக்கும் வண்டியை இரண்டு, மூன்று வீட்டார் முறை வைத்துப் பயன்படுத்தலாம். பழைய வண்டியை எடுக்கும்போது வாரின் கொக்கி, பிரேக், முன் சக்கரம், விரிசல் இந்த நான்கையும் பாருங்கள். ஒன்று பழுது என்றாலும் சரி செய்யாமல் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

சகோதரிகளே, தாய் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் தனக்காக நடப்பது சொகுசு அல்ல. நாளைக்கு அவளுக்குச் சர்க்கரை வந்தால் மாத்திரைச் செலவும் கூலி இழப்பும் அந்தக் குடும்பத்துக்குத்தான். உங்கள் குழுவில் கைப்பிள்ளைக்காரிகள் எத்தனை பேர், அவர்களில் யாருக்குப் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். வண்டியா, முறை வைத்துப் பார்த்துக்கொள்வதா என்று கூடிப் பேசி முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.