காய்ச்சல் விடவில்லையா? லூபஸ் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி

நம் நாட்டில் காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "டிங்கியா?" என்பதுதான். இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தால் சந்தேகம் வலுத்துவிடும். ஆனால், காய்ச்சலில் கிடப்பவருக்கு ஏற்கெனவே லூபஸ் இருந்தால், இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும்.

லூபஸ் என்பது நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் உடலையே தாக்கும் நோய். பாதிக்கப்படுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதுவும் பெரும்பாலும் இளவயதில். மூட்டு வலி, கன்னத்தில் சிவந்த தடிப்பு, தீராத களைப்பு என இருந்தாலும், மருந்தோடு வேலைக்கும் போய்க் குடும்பத்தையும் கவனிப்பவர்கள் ஏராளம்.

அவர்களில் மிகச் சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக வருவது 'மேக்ரோஃபேஜ் ஆக்டிவேஷன் சின்ட்ரோம்'. (ஒலிவாங்கி முன் ஒத்திகை இல்லாமல் எனக்கே வாயில் நுழையாத பெயர்!) சுருக்கமாக எம்.ஏ.எஸ். மேக்ரோஃபேஜ் நம் உடலின் துப்புரவுப் பணியாளர். கிருமிகளையும் செத்த அணுக்களையும் விழுங்கும். எம்.ஏ.எஸ். வந்தால் அது கட்டுக்கடங்காமல் நல்ல இரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கும். கல்லீரல், மூளை வரை பாதிப்பு பரவலாம். லூபஸ் தீவிரமடைவதோ, ஒரு வைரஸ் தொற்றோ இதைத் தூண்டலாம். டிங்கியும் தூண்டக்கூடும் என்பதால், 'டிங்கிதான்' என்று உறுதியானாலும் கேள்வி முடிந்துவிடாது.

இதில் ஏமாற்றும் எண் ஒன்று உண்டு. அழற்சி கூடினால் இ.எஸ்.ஆர். அளவும் கூடும் என்பது லூபஸ் குடும்பங்கள் பலவற்றுக்கும் தெரியும். எம்.ஏ.எஸ்.ஸில் அது திடீரென இறங்கும். சிவப்பணுக்களை ஒட்டவைத்துப் படியச் செய்யும் ஃபைப்ரினோஜன் புரதம் தீர்ந்துபோவதே காரணம். 'அப்பாடா, குறைந்துவிட்டது' என்று வீட்டார் மூச்சுவிடும் நேரத்தில் நோய் முற்றிக்கொண்டிருக்கும். மாறாக, வழக்கமாகச் சில நூறுக்குள் இருக்கும் ஃபெரிட்டின் அளவு பல ஆயிரத்தைத் தாண்டும்.

அதிக அளவு ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின், அனகின்ரா போன்ற மருந்துகள் உள்ளன. சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

கிளினிக்கில் பதியும்போதே, "எனக்கு லூபஸ் இருக்கிறது" என்று சொல்லி மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள். காய்ச்சல் விடாமல், இரத்த அணுக்களும் குறைந்துகொண்டே போனால், "டாக்டர், ஃபெரிட்டின் பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.