வன்னியின் உச்சியில் திருவோணம்

செப்டம்பரில் இரவு எட்டரை மணியளவில் வன்னியில் எந்த முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தாலும், உச்சியை ஒட்டி ஒரு வெள்ளி பளிச்சென்று நிற்கும். இரு பக்கமும் மங்கலாக ஒவ்வொரு துணை வெள்ளி. அதுதான் திருவோணம், வானியலாளர் அல்டேர் என்பார்கள். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்திலும் ஒரு கோடு கீறினால், அதற்கு ஏறத்தாழ 9 பாகை வடக்கே இந்த வெள்ளி இருக்கிறது. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்றும் பூமியில் அதே 9 பாகையை ஒட்டியே கிடக்கின்றன. ஆகவே அது எங்கள் தலைக்கு மேலாலேயே போகிறது. லண்டனில் வளரும் மச்சான், மச்சாள்மாருக்கு அது ஒருநாளும் உச்சிக்கு வராது.

பிள்ளைகளுக்கு வானம் காட்டத் தொலைநோக்கி தேவையில்லை. இருட்டும் பொறுமையும் போதும். மங்கல் ஒளியை உணர்பவை கண்ணின் கோல் கலங்கள். வெளிச்சத்தில் சிதைந்துபோகும் றொடொப்சின் என்ற பொருள் அவற்றில் மீண்டும் ஊற 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். நடுவில் ஒருவர் கைபேசியைத் திறந்தால் திரும்ப முதலிலிருந்துதான். ஐந்து வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் சும்மா கிடக்காது. அம்மம்மாவின் கதைக்கு அதைவிட நல்ல நேரம் ஏது?

திருவோணம் ஒரு விசித்திரமான வெள்ளி. சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 25 நாள் எடுக்கிறது. இதற்குப் பத்து மணித்தியாலமும் வேண்டாம். அந்த வேகத்தில் நடுப்பகுதி பிதுங்கிச் சப்பட்டையாகிவிட்டது. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனிலிருந்து எடுத்து 2007-இல் வெளியான படத்தில் இந்த வடிவம் தெரிகிறது.

அதன் தூரம் 16.7 ஒளியாண்டு; ஒளி அங்கிருந்து இங்கே வர அத்தனை ஆண்டு பிடிக்கும். 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழிக்குள் இருந்த பிள்ளைகளுக்கு வானம் என்றால் ‘வண்டு’ என்ற வேவு விமானத்தின் இரைச்சலும் பரா வெளிச்சமும்தான். அந்த மாதத்தில் திருவோணத்தை விட்டுக் கிளம்பிய ஒளி வன்னிக்கு வந்து சேர்வது 2026-இன் தொடக்கத்தில். அன்றைய பிள்ளைகளில் பலர் இன்று தாய் தகப்பன். இரவில் வெளியே படுத்து அண்ணாந்து பார்க்க அவர்களுக்கு மனம் வராமல் இருக்கலாம். வற்புறுத்த வேண்டாம். பிள்ளை “அம்மா, அங்க பாருங்கோ” என்று கூப்பிடும்போது பக்கத்தில் வந்து இருந்தாலே போதும்.

ஒளி வந்து சேரக் காலம் எடுக்கும் என்பதைச் சின்னவர்களுக்கு விளக்க நல்ல வழி, அவரவர் வயதுக்கு ஒரு வெள்ளியைக் கொடுப்பது. இரவு வானின் நட்சத்திரங்களிலேயே அதிகம் ஒளிரும் சீரியஸ் 8.6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. எட்டரை வயதுக்காரி மாசி இரவில் காண்பது, அவள் பிறந்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்ட ஒளியை. பதினொன்றரை வயது அண்ணனுக்கு அதன் வடகிழக்கே புரோசியன். நாலேகால் வயதுக் கடைக்குட்டிக்கு அல்பா சென்டோரி; அதற்கு வைகாசி வரை காத்திருக்க வேண்டும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் முடிந்து நிலவு தேயும் நாட்களில், இரவு ஒன்பது மணியளவில் தெற்கே பாருங்கள். பொத்திய கையை நீட்டிப் பிடித்தால் அடிவானத்திலிருந்து இரண்டு முட்டி உயரத்தில் நிற்கும். பனைகள் மறைத்தால் குளக்கட்டுக்குப் போகலாம். யானை வரும் இடங்களில் பெரியவர்கள் கூடவே இருக்கட்டும்.