வடியுமிடமும் தெரியுமிடமும்

எங்கள் வீட்டு முற்றத்திலே, கிணற்றடிக்குப் பத்தடி தள்ளி, கறுத்த வட்டமொன்று இருந்தது. உள்ளங்கை அகலந்தான். என் தந்தையார் 1962ஆம் ஆண்டிலே பழையதாக வாங்கிய மோட்டார் சைக்கிள் நிற்குமிடம் அது. பிரித்தானியாவில் ஆக்கப்பெற்ற ஒற்றைச் சிலிண்டர் வண்டி. வயது போன வண்டி எண்ணெய் வடிப்பது இயல்புதானே என்று நானும் பல்லாண்டுகள் வாளாவிருந்தேன்.

“தம்பி, கிணத்தடியிலை எண்ணெய் மணக்குது. உந்த வண்டியை அங்காலை விடு,” என்று என் தாயார் ஒருநாள் கூறினார். அச்சொல் என்னைச் சுட்டது. குடாநாட்டிலே வற்றாத ஆறென்று ஒன்றில்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலே தங்கும் மழைநீரே எமது கிணறுகளின் ஊற்று. மேலே சிந்தியது கீழே இறங்க நெடுநாள் வேண்டியதில்லை. சுன்னாகத்துக் கிணற்றுநீரில் எண்ணெய் கலந்தமை பற்றி உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தபோது, அச்செய்தியை வகுப்பிலே மாணவர்க்கு வாசித்துக் காட்டியவன் நான். ஊருக்கு உபதேசம் செய்தவனின் முற்றம் இந்நிலையில் இருந்தது!

அன்றே திருத்த முனைந்தேன். கையில் அகப்பட்ட ஸ்பானரால் கண்ணிற்பட்ட நட்டுகளையெல்லாம் இறுக்கினேன். இரண்டு நட்டுகளின் மூலைகள் மழுங்கின. இவ்வண்டியின் நட்டுகளுக்கு இக்காலத்து மில்லிமீற்றர் ஸ்பானர்கள் சரியாகப் பொருந்தா என்பதை நான் எண்ணவில்லை. யோசப் விற்வேத் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1841ஆம் ஆண்டிலே வகுத்த புரியளவின் வழிவந்தவை அவை. புரியின் கோணமும் வேறு: அதில் 55 பாகை, மில்லிமீற்றர்ப் புரியில் 60 பாகை. பின்னர் பசையொன்றை வாங்கிப் பொருத்துக்களில் அப்பினேன். தாங்கியில் எண்ணெய் குறைந்திருக்கக் கண்டு மேலும் ஊற்றினேன். வட்டம் முன்னையிலும் பெரிதாயிற்று.

ஈற்றில், எண்பது வயதைத் தாண்டிய திருத்துநர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் ஸ்பானரைத் தொடவேயில்லை.

“மாஸ்டர், எண்ணெய் தெரியிற இடம் ஒண்டு, வடியிற இடம் வேறை. முதலிலை கழுவுங்கோ,” என்றார்.

மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு எஞ்சினைக் கழுவித் துடைத்தேன். கழுவிய நீர்மத்தை ஒரு தட்டில் ஏந்தினோம். நன்கு காய்ந்தபின் முகத்துக்கு இடும் பவுடரை அவர் எஞ்சின் மீது மெல்லத் தூவினார். சிறிது தூரம் ஓடிவிட்டு வந்து பார்த்தோம். வெண்ணிறப் பொடியிலே, உச்சியிலுள்ள வால்வு மூடியின் முன்மூலையிலிருந்து ஈரக்கோடொன்று இறங்கியிருந்தது. எண்ணெய் தன் பாரத்தாற் கீழே வழிகின்றது. ஓடும்போது காற்று அதனைப் பின்னே தள்ளுகின்றது. ஆதலால் பிழையான இடம் பெரும்பாலும் நனைந்த இடத்துக்கு மேலேயும் முன்னேயுமே இருக்கும். நான் இறுக்கியதெல்லாம் கீழே!

மூடியைக் கழற்றியபோது என் நெஞ்சு திடுக்கிட்டது. நான் அப்பிய பசை உட்புறம் பிதுங்கி, நூல்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அது அறுந்து எண்ணெய் செல்லும் நுண்துவாரத்தை அடைத்திருந்தால், வால்வுப் பகுதிகள் எண்ணெயின்றித் தேய்ந்து அழிந்திருக்கும். ஒரு சொட்டைத் தடுக்கப் போய் எஞ்சினையே கொல்லப் பார்த்தேன். பசையைச் சுரண்டி நீக்கினோம். தடித்த கண்ணாடித் தட்டின்மீது நுண்ணிய உரைதாளை விரித்து, மூடியின் விளிம்பை வட்டமாகத் தேய்த்தோம். மேடு பள்ளங்கள் மறைந்தன. காஸ்கெட் தாளில் விளிம்பின் எண்ணெய்ச் சுவடு பதியச் செய்து, அவ்வழியே வெட்டிப் பொருத்தினோம். நட்டுகளை ஒருபக்கமாக இறுக்காது, எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினோம்.

அடியிலுள்ள எண்ணெய் வடிக்கும் ஆணியின் செப்பு வாஷரும் கசிந்தது. செம்பு அழுத்துண்டு அழுத்துண்டு இறுகிப்போகும். அதனைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சி நீரில் இட, மீண்டும் மென்மையாயிற்று. புதிதொன்று வாங்கவில்லை.

மூன்றாவது காரணம் விந்தையானது. இவ்வகை எஞ்சினுக்கு எண்ணெய்த் தாங்கி தனியே உண்டு. வண்டி வாரக்கணக்கில் நின்றால், தாங்கியின் எண்ணெய் பம்பைத் தாண்டி மெல்லக் கசிந்து எஞ்சினின் அடியை நிரப்பும். தாங்கி குறைந்ததுபோலத் தோன்றும். நான் ஊற்றியது இதனை அறியாமல்தான். உதைத்து இயக்கியதும் மிகையான எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே வெளியேறியது. எனவே சில நிமிடம் ஓடவிட்ட பின்னரே அளவு பார்த்தல் வேண்டும். இடையிலே குழாய்த் திறப்பொன்று பூட்டலாமே என்றேன். “பூட்டலாம் மாஸ்டர், ஒருநாள் திறக்க மறந்தால் எஞ்சின் இறுகிப்போகும்,” என்றார்.

பின்னர் ஓடும் எஞ்சினின் மூச்சுக்குழாயிலே கைவைத்துப் பார்த்தார். அதன் காரணம் எனக்கு விளங்கிற்று. 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டிற்குப் பெற்றோல் தடைப்பட்டபோது, சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். முற்றாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும், தேய்வு மிகும். தேய்ந்த வளையங்களினூடு அழுத்தம் கீழே இறங்கினால், எந்தக் காஸ்கெட்டும் நில்லாது. அவ்வண்டியிலேதான் தந்தையார் நோயாளரை ஏற்றி மருத்துவமனைக்கு ஓடினார். பல நொடிகள் கழித்து முதியவர் கையை எடுத்தார்.

“பெரிசா ஒண்டுமில்லை. இன்னும் கொஞ்சக்காலம் ஓடும்.”

இப்பொழுது சனிக்கிழமைதோறும் வண்டியை ஓட்டுகின்றேன். இரவிலே அதன் கீழ் பழைய பத்திரிகைத் தாளொன்று விரித்து, காலையிற் பார்க்கின்றேன். வாரத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் உண்டு. முற்றத்துக் கறுத்த மண்ணை அகழ்ந்து அகற்றிவிட்டேன். அவ்விடத்துக் குழியைத் தாயார் கண்டார்.

“எண்ணெய் நிண்டுட்டுதோ?”

“கிட்டத்தட்ட நிண்டுட்டுது அம்மா.”

“அப்ப உன்ரை கொப்பற்றை வண்டி நிழலிலையே நிக்கட்டும்,” என்றார்.