உங்களுக்குத் தெரியுமா?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1916இல் பிறந்த ஆன் எபேர், பிரெஞ்சில் எழுதியவர். கவிதை, நாவல், நாடகம் மூன்றிலும் கைவைத்தார். அப்பாவே இலக்கிய விமர்சகர் என்பதால் வீட்டிலேயே பள்ளிக்கூடம் இருந்தது எனலாம்.

ஆனால் பதிப்பகங்கள் கதவைத் திறக்கவில்லை. 'பெருவெள்ளம்' என்ற பொருளில் தலைப்பிட்ட சிறுகதைத் தொகுப்பை, வன்முறை மிகுந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். தாய் அடித்ததில் காது கேட்காமல் போன மகனைப் பற்றியது அதன் தலைப்புக் கதை. பக்தி மணம் கமழ்ந்த அன்றைய கியூபெக்குக்கு எப்படிப் பிடிக்கும்? 1950இல் சொந்தப் பணத்தில் அச்சிட்டார்.

1970இல் வந்த 'கமுராஸ்கா' நாவல்தான் அவரை ஊரறியச் செய்தது. 1839 ஜனவரியில் நிஜமாகவே நடந்த கொலை அதன் கரு: மனைவியின் காதலனான மருத்துவர், கடும் பனியில் சறுக்குவண்டியில் நெடுந்தூரம் போய்க் கணவனைக் கொன்றுவிட்டு அமெரிக்காவுக்குத் தப்பினார். எபேரோ கதையை மனைவியின் நினைவோட்டமாகச் சொன்னார். நாவலின் பலமே அதுதான். 1973இல் க்ளோட் ஜுத்ரா அதைப் படமாக்கினார்.

நாடகங்கள் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. நாவலாசிரியராக அவருக்கு 1982இல் பிரான்சின் ஃபெமினா இலக்கியப் பரிசு கிடைத்தது. பல பத்தாண்டுகள் பாரிஸில் வாழ்ந்தும், அவர் கதைகள் பெரும்பாலும் கியூபெக்கிலேயே நடந்தன. 2000 ஜனவரியில், மொன்றியலில் காலமானார்.