தராசை ஏமாற்றும் தண்ணீர்

மாலை ஆறரை மணி. பங்சார், தெலாவி சாலைகளில் ஒன்றில், கடைவீட்டின் மேல்மாடியில் உள்ள ஓர் உடற்பயிற்சிக்கூடம். ஓர் இளைஞர் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டுக் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார். உடம்பில் மழைக்கோட்டைப் போன்ற பிளாஸ்டிக் உடை. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான ரப்பர் பட்டை. தாண்டி முடித்து மணிக்கட்டுப் பட்டையைத் தளர்த்தியதும் உள்ளே தேங்கியிருந்த வியர்வை தரையில் கொட்டியது.

"நாளைக்கு எடை பார்ப்பாங்க அண்ணே. இன்னும் ரெண்டு கிலோ இறங்கணும்" என்றார். இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "டிவியிலதான்!"

அவர் சொன்னது 'தி அல்டிமேட் ஃபைட்டர்' நிகழ்ச்சியை. 2005 ஜனவரியில் அமெரிக்காவில் தொடங்கிய கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி அது. போட்டியாளர்களை லாஸ் வேகஸில் ஒரே வீட்டில் ஆறு வாரம் அடைத்துவைப்பார்கள். கைப்பேசி கிடையாது, தொலைக்காட்சி கிடையாது. பயிற்சி, சண்டை, மீண்டும் பயிற்சி. வெல்பவருக்கு யு.எஃப்.சி. நிறுவனத்தின் ஒப்பந்தம். நம் நாட்டிலும் 2013இல் 'மலேசியன் இன்வேஷன்' என்ற அமெச்சூர் போட்டி தொடங்கி, பல ஊர்களிலிருந்து இளைஞர்களைக் களத்துக்கு இழுத்து வந்தது.

இத்தகைய நிகழ்ச்சிகளில் குத்தும் உதையும்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். உடலியல் படித்தவர்களைக் கேட்டால் முதலில் தராசைத்தான் காட்டுவார்கள்.

2007இல் ஒளிபரப்பான ஐந்தாவது பருவத்தை எடுத்துக்கொள்வோம். பதினாறு பேரும் லைட்வெயிட் பிரிவு. உச்ச எடை 155 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 70 கிலோ. தொழில்முறை வீரர் ஒருவர் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் இப்படி எடையைக் குறைப்பார். இந்த வீட்டிலோ இறுதிப்போட்டிக்குத் தகுதி பெறுபவர் ஆறு வாரத்துக்குள் மூன்று முறை தராசில் ஏற வேண்டும். கேப் ருடிகர் என்ற போட்டியாளரால் முதல் முறையே எடையை எட்ட முடியவில்லை; வெளியேற்றப்பட்டார். பட்டம் வென்றவர் நேட் டயஸ். பார்வையாளர்களுக்கு ருடிகரின் கதை வேடிக்கையாக இருந்தது. எனக்கு அது ஒரு சோதனைக்கூடக் குறிப்பைப் போலவே தெரிகிறது.

ஒரே நாளில் குறையும் இரண்டு, மூன்று கிலோ என்பது என்ன? கொழுப்பு அல்ல. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கிலோகலோரி ஆற்றல் இருக்கிறது. நாளுக்கு 500 கிலோகலோரி குறைத்துச் சாப்பிட்டால் அதைக் கரைக்க இரண்டு வாரமாவது ஆகும். மாவுச்சத்தை நிறுத்தினால் தசையிலும் கல்லீரலிலும் சேமித்த கிளைகோஜன் தீரும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் வெளியேறும். அப்படியே ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கிவிடும். மிச்சம் முழுவதும் வியர்வைதான்.

வியர்வை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சிக்கல். 70 கிலோ ஆணின் உடலில் சுமார் 42 லிட்டர் நீர் உண்டு. அதில் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா மூன்று லிட்டர் மட்டுமே. வியர்க்க வியர்க்க இந்தச் சிறு கையிருப்பு சுருங்குகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் வெளித்தள்ளும் இரத்தம் குறைய, அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. தோலுக்குப் போய் வெப்பத்தைக் கொட்ட வேண்டிய இரத்தமும் போதாமல் போகிறது. உடல் உள்ளே சூடேறுகிறது. சிறுநீரகத்துக்கு வரும் ஓட்டமும் மெலிகிறது. எடையில் இரண்டு விழுக்காடு நீர் குறைந்தாலே நீண்டநேர உழைப்பில் தளர்ச்சி தெரியத் தொடங்கும். எடைப் பிரிவுக்காக உடலை வற்றவைப்பவர்களில் பலர் ஐந்து விழுக்காட்டையும் தாண்டுகிறார்கள்.

அந்தப் பிளாஸ்டிக் உடை இதை இன்னும் மோசமாக்குகிறது. வியர்வை குளிர்விப்பது சொட்டுவதால் அல்ல, ஆவியாவதால். ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். சொட்டிக் கீழே விழுந்தால் அநேகமாக ஒன்றும் இல்லை. கோலாலம்பூரில் மழை ஓய்ந்த மாலையில் காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடக்கும். துணி காயாததை வைத்தே நம் அம்மாக்கள் இதைச் சொல்லிவிடுவார்கள். அந்தக் காற்றிலிருந்தும் தோலைப் பிரித்து மூடிக்கொண்டால், உடலின் குளிர்சாதனம் ஓடிக்கொண்டே இருக்கும், குளிர் மட்டும் வராது.

1997 நவம்பர், டிசம்பரில் ஐந்தே வார இடைவெளியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் இப்படி எடை குறைக்கும்போது இறந்தனர். அதன்பின் கல்லூரிப் போட்டிகளில் பிளாஸ்டிக் உடையும் நீராவி அறையும் தடைசெய்யப்பட்டன. ஆசியாவுக்கு அந்தப் பாடம் வந்து சேர இன்னும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 2015 டிசம்பரில் மணிலாவில் 'ஒன் சாம்பியன்ஷிப்' போட்டிக்காக எடை குறைத்த யாங் ஜியான் பிங் என்ற சீன வீரர், களம் காணும் முன்பே இறந்தார். வயது 21.

அடுத்த மாதமே அந்த நிறுவனம் விதியை மாற்றியது. மாற்றத்தின் அறிவியல் மிக எளிது. தராசோடு ஒரு சிறுநீர்க் குவளையும் வைத்தார்கள். சிறுநீரின் ஒப்படர்த்தி, அதாவது தூய நீரைவிட அது எத்தனை மடங்கு அடர்த்தி என்பது, அளக்கப்படும். தூய நீருக்கு 1.000. உடல் வற்றினால் சிறுநீரகம் நீரைப் பிடித்துவைத்துக் கழிவைச் செறிவாக அனுப்பும், எண் ஏறும். 1.025ஐத் தாண்டினால் தேர்ச்சி இல்லை.

கெட்டிக்காரர்கள் உடனே கேட்பார்கள்: சோதனைக்குமுன் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் போதாதா? சிறுநீர் தெளிந்துவிடும் என்பது உண்மைதான், உடல் வற்றியிருந்தாலும்கூட. இந்த அளவீட்டின் பலவீனம் அது. ஆனால் குடித்த ஒரு லிட்டர் தராசில் ஒரு கிலோவாக உட்கார்ந்துகொள்ளும். குவளைக்காகக் குடித்தால் தராசில் மாட்டுவார். தராசுக்காக வற்றினால் குவளையில் மாட்டுவார். கூடவே எடைப் பிரிவுகளின் வரம்பையும் உயர்த்தினார்கள். வெல்டர்வெயிட் 170 பவுண்டிலிருந்து 185 ஆனது, சுமார் 84 கிலோ.

அந்தப் புதிய வரம்பில் 2017 மே 26 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்காக மோதியவர் நம் செந்தூல் இளைஞர் அகிலன் தாணி. பென் ஆஸ்க்ரெனிடம் முதல் சுற்றிலேயே தோற்றார் என்பது பலருக்கும் நினைவிருக்கும். எனக்கு நினைவில் நிற்பது வேறு. அவர் பயிற்சிக்கு வந்ததே எடையைக் குறைக்கத்தான். அப்போது சுமார் 150 கிலோ இருந்தார். 150க்கும் 84க்கும் இடையிலுள்ள தூரத்தை வியர்வையால் கடக்க முடியாது. அது மாதக்கணக்கில் கரைந்த கொழுப்பு. ஒரு குவளைத் தண்ணீரில் திரும்பி வராத எடை. தொலைக்காட்சிப் பருவத்தின் ஆறு வாரத்துக்குள் அதைக் காட்டவும் முடியாது.

பங்சார் இளைஞரிடம் இதையெல்லாம் சொன்னேன். தலைசுற்றல் வந்தாலோ, வியர்ப்பது நின்றுபோனாலோ, சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றேன். அந்தக் கடைசி நிறம், சிதைந்த தசை சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். கவனமாகத்தான் கேட்டார். நாளைக்குப் போகும் போட்டியில் சிறுநீர்ச் சோதனை உண்டா என்று விசாரித்தேன்.

"இல்லண்ணே. தராசு மட்டும்தான்" என்றவர், மணிக்கட்டுப் பட்டையை மறுபடி இறுக்கிக்கொண்டார்.