மேல்தளத்து முன்வரிசை

சிங்கப்பூரில் ஈரடுக்குப் பேருந்துகள் 1977ல் ஓடத் தொடங்கின. முதலில் ஓடியது சேவை 86ல். என்னைப் போன்ற பேருந்துப் பித்தர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

சென்ற ஞாயிறு, முழங்கால் வலியால் எப்போதும் கீழ்த்தளத்திலேயே உட்காரும் அம்மாவை அழைத்துக்கொண்டு ஹார்பர்ஃபிரண்ட் முனையத்தில் சேவை 65ல் ஏறினேன். முனையத்திலேயே ஏறினால், வண்டி புறப்படுமுன் நிதானமாகப் படியேறலாம். ஓடும் வண்டியில் அந்த வளைந்த படிகள் பெரியவர்களுக்கு ஆகாது. கீழே நெரிசல் இருந்தும் மேலே இருக்கைகள் காலியாகக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

முன்வரிசையில் இடப்பக்க இருக்கை கிடைத்தது. மரக்கிளைகள் கண்ணாடியில் உரசும்போதெல்லாம் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தேக்காவைத் தாண்டியதும் கடைவீடுகளின் மாடிச் சன்னல்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்தன. சிராங்கூன் சாலையில் வண்டி ஊர்ந்தது. இடப்பக்கம் வீரமாகாளியம்மன் கோயில். அண்ணாந்தே பார்த்துப் பழகிய கோபுரச் சிற்பங்கள் இப்போது சன்னலுக்கு வெளியே.

“நாப்பது வருஷமா கும்பிடுறேன், இதையெல்லாம் இப்பதான்டா கிட்டத்துல பாக்குறேன்” என்றார் அம்மா. கழுத்தைத் திருப்பி, கோபுரம் மறையும்வரை பார்த்தார்.

தெம்பனிஸில் கடைசி நிறுத்தம்வரை போனதால் இறங்கவும் அவசரமில்லை. கைப்பிடியை இறுகப் பற்றி, ஒவ்வொரு படியாக இறங்கினார். “அந்த 86 இன்னும் ஓடுதா?” என்று கேட்டார். ஓடுகிறது, வழித்தடம்தான் மாறிவிட்டது.